பேசாமல் பின்னிய ஈக்கள்

நீண்ட கழுத்தும் அதைவிட நீண்ட பொறுமையும் வாய்த்ததால் நண்பர்களாலும் எதிரிகளாலும் ஒருசேரக் 'கொக்கு' என்று கொண்டாடப்படுபவரும், இந்தத் தூண்டில் சங்கத்தின் தலைமை நாற்காலியைத் தாம் பிடுங்கிய பற்களைப்போல் உறுதியாகப் பற்றி வைத்திருப்பவருமான பல் மருத்துவர் அவர்களே! பிடித்த மீனின் எடையை மறந்தாலும் தப்பிய மீனின் எடையை மறவாத மூத்தவர்களே! அந்த எடை ஆண்டுக்கு ஆண்டு ஏறுவதைக் காதில் வாங்கியும் வாங்காததுபோல் கடமையாற்றிவரும், கருணையே கண்களாகக் கொண்ட தாய்மார்களே! பேச்சு நீண்டால் நழுவலாம் என்று கதவோரம் இடம் பிடித்திருக்கும் கண்ணியமிக்க தோழர்களே! முன்வரிசையில் அமர்ந்து 'உளறாதே' என்று கண்ணாலேயே கட்டளை இடும் என் அக்காவே! அக்காவுக்குப் பக்கத்தில், நான் உளறப்போவது உறுதி என்று தெரிந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் அத்தானே! உங்கள் எல்லோருக்கும், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் இந்த ரொட்டிக்கடைக்காரனின் வணக்கம்!

எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'பின்னிய தூண்டில் ஈக்கள்: கட்டும் விதமும் கைகண்ட பயனும்'. மேடை ஏறும்போதே தலைவர் என் காதருகே கழுத்தை நீட்டி, "தலைப்பை விட்டு வெளிய போயிடாதீங்க" என்றார். போகமாட்டேன் ஐயா! ஆனால் உங்கள் சங்கத்து இளைஞர்கள் வாசலில் என்னை மடக்கி ஒரு கேள்வி கேட்டார்கள். "உங்க அக்காவும் அத்தானும் அந்தக் காலத்துல அந்தப் பக்கத்துச் சங்கத்துக்குக் கோப்பை வாங்கிக் குடுத்த கையோட, தோத்துப்போன எங்க சங்கத்துக்கு ஏன் வந்தாங்க?" அந்தக் கேள்விக்கும் என் தலைப்புக்கும் ஒரே பதில்தான். ஆகவே ஒரே மூச்சில் இரண்டையும் முடிக்கிறேன். தேநீர் ஆறாது, அஞ்சவேண்டாம்.

முதலில், தூண்டில் ஈ என்றால் என்ன? தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொக்கு ஐயா, நீங்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம். ஒரு சிறு முள். அதன்மேல் நூல், கொஞ்சம் முடி, கொஞ்சம் இறகு. பார்த்தால் பூச்சி, கடித்தால் முள். இவ்வளவுதான்! ஆனால் சுற்றிய ஈ வேறு, பின்னிய ஈ வேறு! ஒரு நூலை முள்ளின்மேல் சுற்றினால் என்ன கிடைக்கும்? ஒரே நிறத்தில் ஒரு மூட்டை கிடைக்கும். உயிருள்ள பூச்சி மூட்டையா? அதன் முதுகைப் பாருங்கள், கருமை! வயிற்றைப் பாருங்கள், வெண்மை! அந்தக் கருமையும் வெண்மையும் கலக்காமல் பிரியாமல், விலாவில் தையல் விட்டதுபோல் கூடி நிற்க வேண்டுமென்றால், இரண்டு நூல் வேண்டும். கறுப்பு நூல் முள்ளின் முதுகுமேல் போகவேண்டும். வெள்ளை நூல் வயிற்றுக்குக் கீழே போகவேண்டும். இரண்டும் ஒன்றையொன்று கோத்து, ஒரே நேரத்தில், ஒரே பலத்தில் இறுகவேண்டும். ஒன்று அதிகம் இழுத்தால் விலாவில் இருக்கவேண்டிய தையல் முதுகில் ஏறி உட்காரும். பூச்சிக்குக் கூன் விழும்!

இதை மற்றவர்கள் இரண்டு கையால் பின்னுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் இரண்டு ஆளால் பின்னினார்கள். ஏன்?

அத்தானுக்குக் குடை பழுதுபார்க்கும் தொழில். குடைக்கம்பியின் வில் தெறித்துத் தெறித்து அவருடைய இடது கட்டைவிரல் பிடிவாதக்காரனாகிவிட்டது. வலது கை போகச் சொல்லும் வழியில் போகாது. ஒரு நாள் மேசை விளிம்பில் வைஸ் என்கிற இரும்பு இடுக்கியை முடுக்கி, அதன் வாயில் முள்ளை மாட்டி, அவர் நூலோடு மல்லுக்கட்டியதை அக்கா பார்த்தாள். அக்கா கையுறை ஆலையில் விரல் தைக்கிறவள். ஐந்து விரலையும் அரைப் பெருமூச்சில் தைத்துவிடுவாள்! பார்த்தாள், பார்த்தாள், பொறுக்கவில்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஒரு நூலை இப்படிக் குடுங்க" என்றாள். அவ்வளவுதான்! அன்று தொடங்கியது.

ஜன்னல் பக்கம் அத்தான், அடுப்புப் பக்கம் அக்கா. ஜன்னல் பக்கம் மேசையில் அறைந்த ஆணியில் கறுப்பு நூல் உருளை. அடுப்புப் பக்கம் அறைந்த ஆணியில் வெள்ளை நூல் உருளை. அத்தானின் கைக்கு ஒன்றே தெரியும்: முதுகுமேல் போடு. அக்காவின் கைக்கு ஒன்றே தெரியும்: வயிற்றுக்குக் கீழே விடு. பேசிக்கொண்டே பின்னுவார்கள். ஆலையில் எந்த மேலாளருக்கு மூக்கு சிவந்தது, எந்தக் குடையை எந்த வீட்டு வாத்தியார் எந்த நாயின்மேல் உடைத்தார், எல்லாம் அந்த இரண்டு நூலுக்கு நடுவே ஓடும். நான் ஓரத்தில் உட்கார்ந்து சூப் குடிப்பேன். உலகத்தில் அதைவிட வெதுவெதுப்பான இடம் ஒன்று இருந்ததா? என் ரொட்டி அடுப்பைச் சாட்சியாக வைத்துச் சொல்கிறேன், இல்லை!

அவர்கள் பின்னிய ஈ எப்படி இருக்கும்? ஜன்னல் விளிம்பில் வைத்தால் சிலந்தி வந்து சம்பந்தம் பேசும்! நிஜ ஈ என்று விரட்ட அக்கம்பக்கத்தார் விசிறியோடு வருவார்கள்! மீன்கள்... என்ன ஐயா, பின்னால்? சத்தமாகச் சொல்லுங்கள்! 'அளக்கிறான்' என்கிறார். தூண்டில் சங்கத்துக்குள் வந்து அளக்காதே என்றால், இந்த மண்டபத்தில் அப்புறம் யார்தான் வாயைத் திறப்பது?

சரி. இனிதான் கதை. ஈக்குக் கால் வேண்டுமல்லவா? காலுக்கு முயல்முடிபோல் உகந்தது எதுவும் இல்லை. முடி என்றால் அத்தானுக்குப் பசி! எங்கள் தெருவில் முடியுள்ள எதுவும் அவர் கத்தரிக்கோலைக் கண்டால் நடுங்கும். நாவிதர் சவரத் தூரிகையை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தார். நானே தொப்பி மாட்டிக்கொண்டுதான் தூங்குவேன்!

அக்காவிடம் ஒரு குளிர்காலக் கோட்டு. ஆலையில் மிஞ்சிய துணியில் அவளே வெட்டி, அவளே தைத்து, கழுத்தைச் சுற்றி முயல்முடிக் காலர் வைத்தது. ஆலை விழாவுக்கு அதைப் போட்டுக்கொண்டு போனாள். சிறந்த தையல்காரி என்று அவளைத்தான் மேடைக்கு அழைத்தார்கள். ஏறினாள். பரிசை வாங்கத் திரும்பினாள். கூட்டத்துக்கு முதுகு தெரிந்தது. மேலாளரின் மனைவி பக்கத்து நாற்காலிக்காரியிடம் கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது: "ஐயோ பாவம், காலருக்குச் சொறியா?"

அக்கா வீட்டுக்கு வந்தாள். கோட்டைக் கழற்றி மேசையில் விரித்தாள். காலரின் பின்பக்கம் வழுக்கை.

"இது என்ன?"

"அது... பின்பக்கம்தானே. உனக்குத் தெரியவே தெரியாது."

"எனக்குத் தெரியாது. எனக்குப் பின்னாடி உக்காந்திருந்த அத்தனை பேருக்கும் தெரிஞ்சுது."

அந்த இடத்தில் மனிதன் என்ன சொல்லவேண்டும்? தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள்! ஒரே ஒரு வார்த்தை! ஆனால் என் அத்தான் சொன்னார்: "கோவப்படாதே. இவ்வளவு மெத்துன்னு முடி எந்தக் கடையிலும் கிடைக்காதும்மா!"

முடியைப் புகழ்ந்தார், தோழர்களே! முடியைப் புகழ்ந்தார்!

அன்று மூடிய அக்காவின் வாய் திறக்கவில்லை. அவளைப் பார்த்து அத்தானும் மூடிக்கொண்டார். ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு என் மூலமாகப் பேசினார்கள்.

"டேய், சூப் ஆறுதுன்னு உங்க அத்தான்கிட்ட சொல்லு."

"மாப்ளே, சூப்புல உப்பு இல்லேன்னு உங்க அக்காகிட்ட சொல்லு."

"ருசி வேணும்னா மிச்சக் காலரையும் வெட்டிப் போட்டுக்கச் சொல்லு."

இதில் எனக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? இருவருக்கும் கேட்ட செய்தியை இருவருக்கும் மறுபடி சொல்லிச் சொல்லி, சூப் எனக்குத்தான் ஆறியது!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது. மலைக்கு இந்தப் பக்கம், அதாவது உங்கள் ஊரில், கையுறை ஆலை புதுக் கிளை திறந்திருந்தது. விரல் தைக்கும் பகுதிக்கு மேற்பார்வைக்கு வரச்சொல்லி அக்காவை அழைத்துக்கொண்டே இருந்தார்கள். அத்தானை விட்டுப் போகமாட்டேன் என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தாள். காலரின் வழுக்கையைக் கண்ட மறுநாள் போய், 'வருகிறேன்' என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை ரயில். பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கியாயிற்று.

"அக்கா, நெஜமாவே போறியா?" என்றேன்.

"அவர் வாயைத் தெறந்து தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் யோசிக்கிறேன்."

அத்தானிடம் ஓடினேன். "சொல்லிடுங்க அத்தான்! ஒரு வார்த்தை!"

"சொல்லிடறேன் மாப்ளே. இந்த நிமிஷமே சொல்லிடறேன். அவ மொதல்ல பேசட்டும்."

இதற்கு நடுவில் வந்து விழுந்தது, ஞாயிற்றுக்கிழமை நீர்த்தேக்கத்தில் உங்கள் சங்கத்துக்கும் எங்கள் சங்கத்துக்கும் போட்டி! எங்கள் பக்கத்து நம்பிக்கை அத்தான். அத்தானின் நம்பிக்கை பின்னிய ஈ. அக்கா என்னிடம் சொன்னாள்: "வாக்குக் குடுத்தாச்சு. ஈயை முடிச்சுக் குடுத்துட்டுத்தான் ரயில் ஏறுவேன்னு சொல்லு." சொன்னேன். பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம். அக்கா அந்தக் கோட்டை எடுத்து, வழுக்கை வெளியே தெரியும்படி, அத்தானின் ஜன்னல் நாற்காலிக்கு நேர் எதிரே சுவரில் மாட்டிவிட்டுப் போனாள். பின்னும்போதெல்லாம் அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்! என்ன தண்டனை! எந்த நீதிபதிக்குத் தோன்றும்? அத்தான் வந்தார். கோட்டைப் பார்த்தார். சத்தமில்லாமல் சுற்றிப் போய், அதற்கு முதுகைக் காட்டி, அக்காவின் அடுப்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா வந்தாள். தன் இடத்தில் அவர். 'எழுந்திருங்க' என்று சொல்லலாம். சொன்னால் முதலில் பேசியவள் அவளாகிவிடுவாள்! போய் ஜன்னல் நாற்காலியில் அமர்ந்தாள்.

கவனியுங்கள்! ஆள் மாறியது, ஆணி மாறவில்லை. ஜன்னல் பக்கத்துக் கறுப்பு நூல் இப்போது அக்காவின் கையில். அவள் கைக்குத் தெரிந்தது என்ன? வயிற்றுக்குக் கீழே விடு. அடுப்புப் பக்கத்து வெள்ளை நூல் இப்போது அத்தானின் கையில். அவர் கைக்குத் தெரிந்தது என்ன? முதுகுமேல் போடு. முதல் ஈ முடிந்து வைஸிலிருந்து இறங்கியது. வயிறு கறுப்பு! முதுகு வெள்ளை!

அத்தானின் புருவம் ஏறியதை நான் பார்த்தேன். அக்காவின் உதடு துடித்ததை நான் பார்த்தேன். இருவருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர், ஒரே ஒருவர், 'மாறிப் போச்சு' என்று சொன்னால் போதும். சொன்னார்களா? அடுத்த முள்ளை மாட்டினார்கள்! நான் தாங்கமாட்டாமல், "அக்கா, அந்த ஈ..." என்று வாயெடுத்தேன்.

"வாயை மூடு!" என்றார்கள் இருவரும். அந்த வாரம் முழுவதும் அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். டப்பா நிறையும்வரை பின்னினார்கள். கொக்கியும் கோபமுமாகக் கோத்துக் கோத்து, குப்புறப் பிறக்கவேண்டிய பூச்சிகளையெல்லாம் மல்லாக்கப் பெற்றெடுத்தார்கள்!

ஞாயிற்றுக்கிழமை. முந்தின இரவு உறைபனி. நீர்த்தேக்கம் ஊதினால் உடையும் கண்ணாடிபோல் கிடந்தது. அக்காவும் வந்திருந்தாள், அந்தக் கோட்டைத் தொடாமல், என் பழைய சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, தள்ளி நின்றாள். அத்தான் டப்பாவைத் திறந்தார். எதிர்த்தரப்பு வீரராக அங்கே நின்றவர் யார்? இதோ, இந்தத் தலைவர்தான்! கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, உங்க ஈயெல்லாம் மல்லாந்து படுத்திருக்கு? ராத்திரி கண் முழிச்சுதா?"

"எங்க ஈ எப்படிப் படுத்தா உங்களுக்கு என்ன?" என்றார் அத்தான்.

தலைவர் தலையாட்டுகிறார், நினைவிருக்கிறது! அத்தான் வீசினார். ஓடும் பூச்சியைப்போல் இழுத்தார். ஒன்றும் இல்லை. வீசினார், இழுத்தார். மீன்கள் விலகிப் போய்க் கூடி நின்று சிரித்தன. தலைவர் ஒன்று பிடித்தார், இன்னொன்று பிடித்தார். எங்கள் சங்கத்தார் ஒவ்வொருவராகத் தங்கள் காலணியை ஆராயத் தொடங்கினார்கள்.

அக்கா எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்? தண்ணீரின் ஓரத்தை. உறைபனியில் விறைத்த பூச்சிகள், கால் ஓய்ந்து, கவிழ்ந்து, வெளுத்த வயிறு வானத்தைப் பார்க்க, கறுத்த முதுகு தண்ணீருக்குள் தொங்க, மெதுவாக, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன. மேலே வெள்ளை! கீழே கறுப்பு! அத்தான் நூலில் தொங்குகிறதே, அதே கோலம்! அந்தச் சாகும் பூச்சிகளைத் துரத்தாமல், அலுங்காமல், வாய் திறந்து வாங்கிக்கொண்டிருந்தன பெரிய பெரிய டிரௌட் மீன்கள். ஓடாத பூச்சியை ஓடவிட்டுக்கொண்டிருந்தார் அத்தான்!

அக்கா சட்டைக் கையைப் பிடித்து முறுக்கினாள். பேசினால் தோல்வி. ஒரு வாரத்து வைராக்கியம், திங்கட்கிழமை ரயில், மேலாளர் மனைவியின் குரல், எல்லாம் வழியை மறித்துக்கொண்டு நின்றன. பேசுவாளா? மாட்டாளா? பேசுவாளா?

"ஏங்க! இழுக்காதீங்க! சும்மா விடுங்க! அது சாகக் கிடக்கிற பூச்சி! ஓடுற பூச்சி இல்ல!"

ஏன் பேசினாள்? பிறகு நான் கேட்டேன். "என் கையால பின்னுன ஈடா. அதைக் கண்டபடி இழுத்தா நான் எப்படிப் பாத்துக்கிட்டு நிப்பேன்?" என்றாள். கோபத்தைவிடப் பெரியது ஒன்று அவளிடம் இருந்தது, தோழர்களே! கைத்தொழில் இருந்தது!

அத்தான் இழுப்பதை நிறுத்தினாரா? நிறுத்தினார். புத்தியால் அல்ல, அதிர்ச்சியால்! மனைவியின் குரல் கேட்டு வாய் பிளந்து நின்றார். கம்பு நின்றது, நூல் தளர்ந்தது, ஈ இறங்கியது. இறங்கி, இறங்கி, இறங்கி... பிடித்தது! மீனா அது? அது திரும்பியபோது நீர்த்தேக்கத்தில் ஒரு முழம் தண்ணீர் இறங்கியது! கரையில் கட்டியிருந்த படகுகள் தரை தட்டின!

என்ன அக்கா? 'பொய் சொல்லாதேடா' என்கிறாள். சரி, அரை முழம்.

கம்பு வில்லாக வளைய, திரும்பிப் பார்க்கவும் முடியாமல், முதுகைக் காட்டிக்கொண்டே அத்தான் கத்தினார்: "காலரை வெட்டினது தப்புதான்! வலையைக் கொண்டா!"

"எது மொதல்ல? தப்பா, வலையா?"

"தப்பு! தப்பு! ஐயோ, வலை!"

அக்கா தண்ணீருக்குள் இறங்கி வலையை ஏந்தினாள். அதற்குப் பிறகு நடந்ததைத் தலைவர் முன்னால் விவரிப்பது நாகரிகமல்ல. டப்பா காலியாகும்வரை விடவில்லை என்று மட்டும் சொல்லி அமைகிறேன். பின்னிய ஈயின் பயன் என்ன என்று கேட்டீர்களே, இதுதான்! முதுகு ஒரு நிறம், வயிறு ஒரு நிறம். நேராகப் பின்னினால் வாழும் பூச்சி, மாற்றிப் பின்னினால் சாகும் பூச்சி. சுற்றிய ஈக்கு இந்த இரண்டு பிறவி உண்டா? அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் மூட்டைதானே!

எல்லாம் சுபம், அக்கா தங்கிவிட்டாள், என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்தால், அக்கா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் வாசலில் நின்றார்.

"அதான் தப்புன்னு சொல்லிட்டேனே. ஊர் கேக்கச் சொன்னேனே."

"கேட்டுச்சு. மனசு ஆறிடுச்சு."

"அப்ப பெட்டி எதுக்கு?"

அக்கா நிமிர்ந்தாள். "கோவத்துலதான் வர்றேன்னு சொன்னேன். சொன்னதுக்கு அப்புறம் யோசிச்சுப் பாத்தா, எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்குங்க. ஒரு பகுதி முழுக்க என் பொறுப்பு. இத்தனை வருஷம் தைச்சிருக்கேன். பாக்கணும்னு ஆசையா இருக்கு."

அத்தான் ஒன்றும் பேசவில்லை. மறுபடியும் மௌனமா என்று நினைத்தேன். அவர் போய்க் குடைக்கம்பி முடுக்கும் திருப்புளியை எடுத்து வந்தார். மேசையருகே மண்டியிட்டார். வைஸின் மரையைத் திருகத் தொடங்கினார்.

"என்ன பண்றீங்க?"

"மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்யுமில்ல?"

"பெய்யும்."

"குடை கிழியுமில்ல?"

அக்கா ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். வைஸை அதில் சுற்றி, பெட்டியில் அவள் துணிகளுக்கு நடுவே அவரே வைத்தார்.

இளைஞர்களே, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்! அவர்கள் உங்கள் சங்கத்துக்கு வந்தது உங்கள் சங்கத்தின் பெருமைக்காக அல்ல. மன்னிக்கவேண்டும் தலைவரே. என் அக்கா அவள் வேலைக்காக வந்தாள். என் அத்தான் அவளுக்காக வந்தார். போட்டியில் எங்களிடம் தோற்ற மறுநாளே எங்கள் இரண்டு கைகளையும் ரயிலிலிருந்து இறக்கிக்கொண்ட பாக்கியசாலிகள் நீங்கள்!

நான் நடைமேடையில் கையாட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். மேசை இருந்தது. வைஸ் கவ்வியிருந்த இடத்தில் மரம் பள்ளமாகிப் போயிருந்தது. எதிரெதிரே இரண்டு ஆணி, இரண்டு நாற்காலி. சூப் வைத்தேன். ஆறுகிறது என்று சொல்லியனுப்ப யாருமில்லாமல், சூடாகவே குடித்தேன். சூடான சூப்புக்கு அத்தனை ருசியில்லை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதன்பிறகு ஆண்டுகள் ஓடின. அவர்கள் இங்கே மேசை இல்லாமல், சின்ன முக்காலியில் வைஸை மாட்டிக்கொண்டு, ஒடுங்கி உட்கார்ந்து பின்னுகிறார்கள் என்று கேள்வி. நான் அங்கே அந்த மேசையில் மாவு பிசைய மனம் வராமல், துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த மண்டபத்தில் இன்றுமுதல் ஈ பின்னக் கற்றுத்தரப்போகிறார்கள் என்று தலைவர் அறிவித்தார். கற்றுக்கொள்ளுங்கள்! தனித்தனியாக அல்ல, எதிரெதிரே உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்! கணவனும் மனைவியும், அண்ணனும் தங்கையும், மாமியாரும் மருமகளும் உட்காருங்கள்! இழுக்கும் பலத்தைப் பழகுங்கள், விடும் பக்குவத்தைப் பழகுங்கள். கண்ணில் படும் காலர்களை மட்டும் விட்டுவிடுங்கள்!

முடிக்கிறேன். இவ்வளவு நேரம் காது கொடுத்த சான்றோர்களுக்கும் தாய்மார்களுக்கும், தம் தோல்வியைத் தம் தலைமையிலேயே சொல்ல அனுமதித்த பெருந்தன்மை மிக்க பல் மருத்துவருக்கும், கதவருகே அமர்ந்தும் கடைசிவரை நழுவாத தோழர்களுக்கும் என் நன்றி. கதவருகே இருக்கும் உங்களிடம்தான் ஒரு உதவியும் கேட்கவேண்டும். வாசலில் என் ரொட்டி வண்டி நிற்கிறது. உள்ளே அந்த மேசை இருக்கிறது. ஆணியைக்கூடப் பிடுங்கவில்லை. நாலு பேர் கை கொடுத்தால் இறக்கிவிடலாம்.

அக்கா, எழுந்து ஓடாதே, மெதுவாகப் போ, படி வழுக்கும். அத்தான், அவள் கையைப் பிடியுங்கள். யார் எந்தப் பக்கம் உட்காருவது என்பதை மட்டும், தயவுசெய்து, பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்!

வணக்கம்!